பொங்கல் பயணத்துக்குப் பை கட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா காலத்தில் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் எதையெல்லாம் எடுத்துச்செல்ல வேண்டும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். முகக்கவசம், கிருமிநாசினி, கையுறை எல்லாம் இருந்தன. மாத்திரை என்ற சொல்லை மட்டும் காணவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். விருதுநகர் மாவட்டத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

கடந்த ஆண்டு, 2020 மார்ச் 20ஆம் தேதி நானும் கணவரும் நாத்தனாரும் திருச்சிக்குப் போனோம். மறுநாள் உறவினர் வீட்டில் காதுகுத்து. திங்கட்கிழமை இரவு திரும்ப டிக்கெட் எடுத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. அன்றே ரயில்கள் ரத்து என்ற அறிவிப்பும் வந்துவிட்டது. செவ்வாய் மாலை 6 மணிக்கு 144 தடை. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவு முதல் நாடே அடைபட்டது. நான்கு நாளுக்குத் துணி எடுத்துப்போன நாங்கள் இ-பாஸ் என்ற அரசின் பயண அனுமதியை வாங்கி வீடு திரும்பியது மே 10ஆம் தேதி.

துணிக்குக் கஷ்டம் இல்லை. உறவினர் வீட்டுப் புடவையை உடுத்திக்கொள்ளலாம். என் கணவருக்கு ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை. அவற்றின் பெயரும் அளவும் எனக்கு மனப்பாடம். நாத்தனாரின் மாத்திரைதான் எங்களைக் கலங்க வைத்தது. அவருக்கு இளம் வயதிலிருந்தே வலிப்பு உண்டு. வெளியில் தெரிந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று எங்களிடம்கூட அதைப் பற்றிப் பேச மாட்டார். மாத்திரை அட்டையைப் பார்த்தால் நோய் தெரிந்துவிடும் என்று, ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு கற்கண்டு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வார். டப்பாவில் இரண்டு மாத்திரை மிஞ்சியபோதுதான் என்னிடம் சொன்னார். பெயர் கேட்டேன். "வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு போட்டிருக்கும்" என்றார்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் 31 ஆண்டுகள் நான் கேட்ட பதில் அது. வெள்ளையாக, நடுவில் கோட்டுடன் எத்தனையோ மாத்திரைகள் இருக்கின்றன. பக்கத்து மருந்துக்கடைக்காரர் சீட்டு இல்லாமல் வலிப்பு மருந்து தர மறுத்தார். அவர் செய்தது சரி. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். சீட்டு விருதுநகர் வீட்டு பீரோவில். சாவி எங்கள் கையில். எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிக் கொல்லைக் கதவின் பூட்டை உடைக்கலாமா, வேண்டாமா என்று ஒன்றரை நாள் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் விடியற்காலையில் நாத்தனாருக்கு வலிப்பு வந்துவிட்டது. 108 ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வி. என்னிடம் பதில் இல்லை. அன்று காலையே பூட்டு உடைக்கப்பட்டு, சீட்டின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அவர் நலமாக இருக்கிறார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

பை கட்டும்போது நோய்த்தொற்றை மட்டும்தான் நினைக்கிறோம். போன இடத்தில் நின்றுவிட நேர்ந்தால் என்ன செய்வது என்று நினைப்பதில்லை. இந்த 2021 ஜனவரியில் இ-பாஸ் இல்லாமல் மாவட்டம் விட்டு மாவட்டம் போகலாம். பஸ்ஸும் ரயிலும் ஓடுகின்றன. ஆனால் போன வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றால் எல்லோரும் 14 நாள் அங்கேயே இருக்க வேண்டியதுதான். எனவே போக, தங்க, திரும்ப ஆகும் நாள்களைக் கூட்டி, அதோடு 14 நாளைச் சேர்த்து மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி உங்களிடம் இருக்கட்டும். மருந்துச்சீட்டின் நகல் ஒன்று பையில், படம் ஒன்று செல்பேசியில், இன்னொரு படம் ஊரில் இருக்கும் யாராவது ஒருவரிடம்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பயன்பாட்டில் இருக்கும் குப்பி சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும், வெயில் படக்கூடாது. பிரிக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி வேண்டும். பத்திரப்படுத்துவதாக நினைத்து ஐஸ்கட்டிமேல் நேராக வைத்துவிடுகிறார்கள். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் பயன்படாது. துணியில் சுற்றி, ஐஸில் படாமல் வையுங்கள்.

மற்றவை எல்லோரும் அறிந்தவைதான். ரயிலின் ஏசி பெட்டியில் இந்தக் கொரோனா காலத்தில் கம்பளியும் விரிப்பும் தருவதில்லை, சமைத்த சாப்பாடும் கிடையாது. ஆகவே போர்வையும் இரவுச் சாப்பாடும் உங்களுடையதாக இருக்கட்டும். புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் நம் வழக்கம்தானே. ஆனால் எதிரில் இருப்பவர் முகக்கவசத்தைக் கழற்றிச் சாப்பிடும்போது நீங்களும் கழற்றாதீர்கள். அவர் முடித்த பிறகு சாப்பிடுங்கள். இதை எந்தக் குறிப்பிலும் நான் பார்க்கவில்லை. துணி முகக்கவசம் ஈரமானால் மாற்றியாக வேண்டும், ஓர் இரவுப் பயணத்துக்கு ஆளுக்குக் குறைந்தது நான்கு வேண்டும். துவைத்ததற்கு ஒரு பை, கழற்றியதற்கு வேறொரு பை. கிருமிநாசினி வாங்கும்போது ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட, சோப்பைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் காகிதத்தில் மடித்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள். ரயிலில் தண்ணீர் வருகிறது, சோப்புதான் இருப்பதில்லை. சொந்தமாக ஒரு பேனா.

பேனா, தண்ணீர், செல்பேசி சார்ஜர் எல்லாவற்றையும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு வாங்கியே பழகியவர்கள் நாம். பயணத்தின் பாதி இன்பம் அதில்தான் இருந்தது. இந்த ஆண்டு யாரிடமும் கை நீட்டாமல் போய்வரும்படி பையைக் கட்ட வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இறுதியாக, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியில் இருக்கும் என் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பண்டிகை நாள்களில் வேறு ஊர் சுகாதார நிலையத்தின் மருந்து நோட்டைக் கொண்டுவந்து சர்க்கரை மாத்திரையோ, ரத்த அழுத்த மாத்திரையோ கேட்பவர்களை, "உங்கள் ஊரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். நானும் அப்படி அனுப்பியிருக்கிறேன். இருப்புக் கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஒரு வாரத்துக்குக் கொடுத்து, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டால் போதும். மாவட்டச் சுகாதார அதிகாரிகள் பொங்கலுக்கு முன் இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் ஜன்னலில் நிற்கும் பிள்ளைகளுக்கும் தைரியம் வரும்.

13ஆம் தேதி நாங்கள் மூவரும் மறுபடி திருச்சிக்குப் போகிறோம். நாத்தனார் மாத்திரை அட்டைகளைப் பிரிக்காமல் எடுத்து வைத்திருக்கிறார். சீட்டின் நகல் என் பையிலும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
விருதுநகர்.
5.1.2021