மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரரின் திறந்த மடல்

கொங்கு மாவட்டங்களின் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பில் உள்ள ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

காங்கயத்தில் என் தகப்பனார் தொடங்கிய நாட்டு மருந்துக் கடையை இருபத்தெட்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த பிறகு சுக்கும் திப்பிலியும் வாங்க வருகிறவர்களோடு இன்னொரு வகையினரும் என் கடைப்படி ஏறுகிறார்கள். “ஏனுங்க, புள்ளைக்கு நீட்டுல மார்க்கு பத்தலீங்க, இந்த மூலிகைப் படிப்பு எதுலயாவது சேத்துடலாமுங்களா?” என்று கேட்டுக்கொண்டு, கையில் ஒரு நோட்டீஸையும் நீட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டுத் தெளிய வேண்டியதைக் கடைக்காரனிடம் கேட்கிறார்களே என்ற வருத்தத்தில்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். முறையிட எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு.

என் அக்கா மகள் நான்கு ஆண்டுகளுக்கு முன் பிளஸ் டூ முடித்தாள். பள்ளியில் நடந்த வழிகாட்டி நிகழ்ச்சியில், ஒரு தனியார் நிறுவனம் மேசை போட்டு உட்கார்ந்து, இயற்கை நலவாழ்வில் ஓராண்டு டிப்ளமோ படித்தால் சொந்தமாகச் சிகிச்சை மையம் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. நோட்டீஸில் ஒரு சித்தர் படமும் இருந்தது. ஊதியூர் மலையில் கொங்கணர் தவம் செய்தார் என்று சொல்லி வளர்ந்த எங்கள் பக்கத்தில், சித்தர் படம் போட்ட காகிதத்தை யாரும் கீழே போட மாட்டோம். அதை அச்சடிக்கிறவர்களுக்கும் அது தெரியும். 72,000 ரூபாய் கட்டினோம். வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், வாடகைக்கு எடுத்த ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. ஓராண்டு முடிந்தபோது, தங்க நிறக் கரையும் புடைப்பு முத்திரையும் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் கொண்ட சான்றிதழ் ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்தோடு கொடுத்தார்கள். கீழே கொட்டை எழுத்தில் “அரசுப் பதிவு எண்” என்று ஒரு எண்ணும் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவள் ஒரு மருத்துவமனைக்கு வேலை கேட்டுப் போனாள். அங்கிருந்த டாக்டரம்மா சட்டத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, “இது அந்த நிறுவனத்தோட டிரஸ்ட் பதிவு எண்ணும்மா, உன்னுடைய எண் எங்கே?” என்று கேட்டிருக்கிறார். அன்று மாலை கடைக்கு வந்தவள், “அப்ப எம் பேரு எங்கேயுமே பதிவாகலீங்களா மாமா?” என்று கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒரு அறக்கட்டளையையோ சங்கத்தையோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலோ எவரும் பதிவு செய்துகொள்ளலாம். எங்கள் வியாபாரிகள் சங்கமும் அப்படிப் பதிவானதுதான். அந்தப் பதிவு படிப்புக்குக் கொடுத்த அங்கீகாரம் ஆகாது என்ற வேறுபாட்டை, படித்தவர்கள் நிறைந்த அந்த வழிகாட்டிக் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து சொல்லியிருந்தால் என் அக்காவின் சீட்டுப் பணம் மிஞ்சியிருக்கும்.

பணத்தைவிட என்னை அதிகம் உறுத்தியது அவளுடைய பாடக் குறிப்பேடு. அதன் முதல் பக்கத்தில் “மூலிகைக்குப் பக்க விளைவு இல்லை” என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். பதினேழு வயதில் சேங்கொட்டை மூட்டையைப் பிரித்துக் கொட்டியபோது அதன் பால் பட்டு என் வலது முழங்கை வரை கொப்பளித்துப் புண்ணானதன் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைக் காட்டி, நீ எழுதியதை அடித்துவிடு என்றேன். நஞ்சு நீங்கச் சுத்தி செய்யாமல் உள்ளுக்குக் கொடுத்தால் கேடு விளைவிக்கும் சரக்குகள் என் கடையிலேயே பல உண்டு. சேங்கொட்டையும் எட்டிக் கொட்டையும் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் நச்சுச் சரக்குப் பட்டியலில் இடம்பெற்றவை. சித்த மருத்துவப் பட்டப்படிப்பில், மருந்துச் சரக்குகளின் குணத்தைச் சொல்லும் குணபாடத்தோடு நஞ்சு நூலையும் சட்ட மருத்துவத்தையும் சேர்த்து வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஓராண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்கவில்லை. உடற்கூற்றைச் சுவரில் தொங்கவிட்ட படத்தில் மட்டும் பார்த்தாள்.

நலவாழ்வுத் துறையில் படிக்க விரும்பும் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது, மருத்துவராக வேண்டுமா, மருத்துவருக்குத் துணை நிற்கும் வேலை வேண்டுமா, ஆசிரியராக வேண்டுமா என்பது. இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து “டாக்டர் ஆகலாம்” என்று விற்பதில்தான் ஏமாற்றமே தொடங்குகிறது.

மருத்துவராக வேண்டுமென்றால் ஐந்தரை ஆண்டுகள் வேண்டும். சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி ஆகியவற்றின் பட்டப்படிப்புகளுக்கு நாலரை ஆண்டுப் பாடமும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு. சேர்க்கைக்கு நீட் மதிப்பெண் தேவை. முதல் மூன்றையும் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையமும், ஹோமியோபதியை அதற்கான தனி ஆணையமும் கவனிக்கின்றன. இயற்கை மருத்துவம் மற்றும் யோகா பட்டப்படிப்பும் ஐந்தரை ஆண்டுதான் என்றாலும், தமிழ்நாட்டில் அதற்கு நீட் கேட்பதில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களைக் கொண்டு, சென்னை அரும்பாக்கத்தில் இயங்கும் இந்திய மருத்துவம் மற்றும் ஹோமியோபதித் துறையின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. இதில் ஒரு நுட்பத்தையும் பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும். இயற்கை மருத்துவம் மேற்சொன்ன தேசிய ஆணையத்தின் கீழ் வரவில்லை. பதிவு மாநில அளவில்தான் நடக்கிறது. வெளி மாநிலத்தில் படிக்கவோ தொழில் செய்யவோ நினைக்கிறவர்கள் அந்த மாநில விதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அரசு சித்த மருத்துவக் கல்லூரிகள் பாளையங்கோட்டையிலும் அரும்பாக்கத்திலும் இருப்பதால், பெண் பிள்ளையை அவ்வளவு தொலைவு விடத் தயங்கும் நம் பக்கத்துப் பெற்றோர், வீட்டுக்கு அருகில் கிடைக்கிற எதையும் கல்லூரி என்று நம்பிவிடுகிறார்கள். அருகிலேயே முறையான தனியார் கல்லூரிகளும் உண்டு என்பதையும், அவற்றின் பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்துடையது என்று பார்க்க வேண்டும் என்பதையும் நீங்கள் சொல்லித்தான் அவர்கள் கேட்பார்கள். பட்டம் வழங்கும் உரிமை 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின்படி பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை அந்தக் குழுவே வெளியிட்டும் வருகிறது.

துணை நிற்கும் படிப்புகளை நாம் போதிய அளவு மதிப்பதில்லை என்பது என் எண்ணம். இயன்முறை மருத்துவம் எனும் பிசியோதெரபி, ஊட்டச்சத்தியல் போன்றவை 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. பருத்தி ஆலையிலும் பனியன் கம்பெனியிலும் நாளெல்லாம் நின்றும் குனிந்தும் வேலை செய்கிறவர்கள் நிறைந்த திருப்பூரிலும் பல்லடத்திலும், தோள்வலிக்கும் இடுப்புவலிக்கும் முறையாகப் படித்த கை ஒன்று இருந்தால் அதற்கு வேலை இல்லாமல் போகாது.

யோகாவைப் பற்றி நம் பகுதியில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆழியாறு மலையடிவாரத்தில் மையம் அமைத்த வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை யோகாப் பயிற்சி எத்தனையோ ஊர்களில் விடியற்காலையில் நடக்கிறது, நானும் போயிருக்கிறேன். தன் உடம்புக்காகக் கற்றுக்கொள்வது ஒன்று, பிறருக்குச் சொல்லித்தரத் தகுதி பெறுவது இன்னொன்று. சொல்லித்தர விரும்புகிறவர்களுக்குப் பல்கலைக்கழகங்களின் யோகா பட்டங்களும், ஆயுஷ் அமைச்சகத்தின் கீழுள்ள யோகா சான்றளிப்பு வாரியத்தின் தேர்வுகளும் இருக்கின்றன. “சர்வதேசச் சான்றிதழ்” என்று விளம்பரப்படுத்தும் 200 மணி நேரப் பயிற்சி, நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் இருபத்தைந்தே நாளில் முடிந்துவிடும். பயிற்சி நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அதை முடித்தவர் நோய்க்குச் சிகிச்சை செய்யக் கிளம்பக் கூடாது. எலக்ட்ரோபதி என்னும் மாற்றுச் சிகிச்சை முதலியவற்றைத் தனி மருத்துவ முறையாக ஏற்க முடியாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரிலேயே ஆணையிட்டிருக்க, அதில் “டாக்டர்” பட்டம் தருவதாகச் சொல்லும் நோட்டீஸ்கள் இன்றைக்கும் என் கடைக்கு வருகின்றன.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் எதுவும் இல்லை. கல்லூரிக் கனவு வழிகாட்டி நிகழ்ச்சியிலோ பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திலோ எந்த நிறுவனத்துக்கு மேசை போட இடம் கொடுத்தாலும், படிப்பை முடித்தவரின் பெயர் எந்த அரசுப் பதிவேட்டில் ஏறும் என்பதையும், பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது என்பதையும் எழுத்தில் வாங்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகே இடம் கொடுங்கள். பதில் தராதவர்களை வாசலோடு அனுப்பிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு, அதற்கு நீங்கள் மனது வைக்க வேண்டும். என் அக்கா மகள் பதினோராம் வகுப்பில் உயிரியல் இல்லாத கணினி அறிவியல் குரூப் எடுத்தவள். இயற்கை மருத்துவக் கல்லூரியின் கதவு அவளுக்குப் பத்தாம் வகுப்பு முடித்த அந்த ஜூன் மாதத்திலேயே சாத்தப்பட்டுவிட்டது என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பிளஸ் டூவில் நடத்தும் வழிகாட்டி நிகழ்ச்சியை, குரூப் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு முன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒருமுறை நடத்துங்கள். நீட்டில் தோற்றவர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசாகச் சித்த மருத்துவத்தை அறிமுகப்படுத்தவும் வேண்டாம். அதற்கும் நீட் எழுதித்தான் ஆக வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, வேண்டா வெறுப்பாகப் படித்துவிட்டு வருகிறவர் எழுதும் மருந்துச் சீட்டுக்குச் சரக்குக் கட்டிக்கொடுக்க எங்களுக்கே கை வருவதில்லை.

உங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் காலையில் கடைக்கு அழைத்து வாருங்கள். சித்தரத்தை எது, வசம்பு எது, சேங்கொட்டையை ஏன் தனி டப்பாவில் பூட்டி வைத்திருக்கிறேன் என்று காட்டுகிறேன். அக்கா மகள் இப்போது கோயம்புத்தூரில் ஒரு கலைக் கல்லூரியில் ஊட்டச்சத்தியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறையில் வந்தால் அவளும் பேசுவாள். கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தச் சான்றிதழ் என் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறது, அதையும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
காங்கயத்தில் நாட்டு மருந்துக் கடை நடத்துபவன்