மலை ரயிலில் வந்த அந்தப் பாட்டி

கிராய்டன்,
லண்டன்,
டிசம்பர் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதி வார்த்தை காதில் விழுவதில்லை, கடிதமாக எழுதச் சொல் என்று நீங்கள் சொன்னதைத் தம்பி சொன்னான். எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. நைட் டூட்டி முடிந்து வந்து, குளித்து, கொஞ்சம் ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதத்தில் இங்கே எட்டு மணிக்குத்தான் விடிகிறது. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. குளிர் நம் குன்னூர்க் குளிர் மாதிரி இல்லை, எலும்புக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் கொடுத்துவிட்ட கம்பளிதான் காப்பாற்றுகிறது.

உங்கள் கேள்வியையும் தம்பி சொன்னான். 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தை மறுபடி பார்த்தீர்களாமே. நம் மலை ரயில் பாதையில் அந்த ஷூட்டிங் நடந்த கதையை நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! கதைப்படி அது வடக்கே எங்கோ போகிற ரயில், ஆனால் புகை விட்டுக்கொண்டு ஏறுவது நம் இன்ஜின். "அந்த நரைமுடிப் பாட்டி யாரு? நடிக்கற மாதிரியே தெரியலையே" என்று கேட்டீர்களாம்.

அப்பா, அந்த அம்மா பிறந்தது நான் இப்போது குடியிருக்கிற இதே ஊரில். பெயர் பெக்கி ஆஷ்கிராஃப்ட். 1907 டிசம்பர் 22 அன்று பிறந்தவர். ஈஸ்ட் கிராய்டன் ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஃபேர்ஃபீல்டு ஹால்ஸ் என்ற பெரிய கலையரங்கம் வரும். அதற்குள் இருக்கும் நாடக அரங்கத்துக்கு 1962-லேயே, அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் பெயரை வைத்துவிட்டார்கள். மூன்று வருஷமாக அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அது யார் பெயர் என்று ஒரு நாள் கூட யோசித்ததில்லை. லண்டன் ரோட்டுக் கடையில் முருங்கைக்காயும் பச்சை மிளகாயும் வாங்கிக்கொண்டு போகிற அவசரத்தில் கட்டடத்தின் பெயரை யார் பார்க்கிறார்கள்?

எனக்கு இதையெல்லாம் சொன்னவர் நான் வேலை பார்க்கும் கேர் ஹோமில் இருக்கும் ஒரு பாட்டி. அவர் பெயரை எழுதக்கூடாது, அது வேலை விதி. தொண்ணூறு தாண்டியவர், பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். அவருடைய மேஜை டிராயரில், கைக்குட்டைகளுக்கு அடியில், பழைய நாடக நிகழ்ச்சிப் புத்தகம் ஒன்று இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிவிட்டது. 1964-ல், ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் பார்த்த 'வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்' நாடகத்தினுடையது. இங்கிலாந்து சிம்மாசனத்துக்காக நடந்த சண்டையைப் பற்றிய ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சேர்த்து உருவாக்கியது அது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எனக்குப் பெக்கியின் கதையைச் சொன்னார். நான் உங்கள் மலை ரயில் கதையைச் சொன்னதும் அவர் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பெக்கியின் அப்பா முதல் உலகப் போரில் இறந்துபோனார். அம்மாவுக்கு நாடகத்தில் ஆசை உண்டு. மகள் லண்டனில் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தாள், அங்கே கூடப் படித்தவர் பிறகு பெரிய நடிகரான லாரன்ஸ் ஒலிவியர். 1926-ல் பர்மிங்ஹாமில் முதல் மேடை. அதற்கு நாலு வருஷம் கழித்து நடந்ததைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

1930-ல் லண்டன் சவாய் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'. ஒத்தெல்லோவாக நடித்தவர் பால் ரோப்சன், அமெரிக்கக் கறுப்பினத்தவர், பெரிய பாடகர். அவருடைய தகப்பனார் அடிமையாகப் பிறந்து தப்பி ஓடி வந்தவர். மனைவி டெஸ்டிமோனாவாக நடித்தது பெக்கி, அப்போது வயது 22. கதைப்படி கணவன் மனைவி, மேடையில் முத்தமிட்டுக்கொள்ள வேண்டும். கறுப்பு மனிதர் வெள்ளைப் பெண்ணைத் தொடுவதா என்று பெக்கிக்கு வசைக் கடிதங்கள் வந்தன. அவர் அதற்காக ஒதுங்கவில்லை, நடித்தார்.

இதைக் கேட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம், வேறொரு இடத்தில், ஒரு பெரியவரைக் குளிப்பாட்டப் போனேன். "உன் கை என் மேல் படக்கூடாது" என்றார். அன்றைக்கு பாத்ரூமில் நின்று அழுதேன். இப்போது இருக்கும் இடத்தில் அப்படி யாரும் இல்லை. இந்தப் பாட்டி நான் தலை வாரிவிட்டால்தான் ஆயிற்று என்பார். தொடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் அப்பா, அதனால்தான் அந்த 22 வயதுப் பெண் என் மனதில் ஒட்டிக்கொண்டாள்.

அப்புறம் 1935-ல் 'ரோமியோ அண்ட் ஜூலியட்'. இன்னொரு பெரிய நடிகர் ஜான் கீல்கட்டும் ஒலிவியரும் ரோமியோ வேஷத்தை மாற்றி மாற்றிப் போட, ஜூலியட்டாக இவர் ஒருவர். மூன்று தடவை கல்யாணம் செய்துகொண்டார், மூன்றும் நிலைக்கவில்லை. இரண்டு பிள்ளைகள். 1956-ல் டேம் பட்டம், ஆண்களுக்கு 'சர்' பட்டம் மாதிரி பெண்களுக்கு. சினிமாப் பக்கம் அதிகம் போகவே இல்லை. ஹிட்ச்காக்கின் '39 ஸ்டெப்ஸ்' படத்தில் ஒரு குடியானவனின் மனைவியாகக் கொஞ்ச நேரம் வருவார், அவ்வளவுதான். பிறகு ஐம்பது வருஷம் பெரும்பாலும் மேடைதான். பீட்டர் ஹால் என்ற இயக்குநர் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது ஆரம்பத்திலிருந்தே கூட நின்றவர்.

பாட்டி பார்த்த அந்த நாடகத்தை பிபிசி அப்போதே படம் பிடித்து வைத்திருக்கிறது. பாட்டியின் மகள் அதன் டிஸ்க்கைக் கொண்டுவந்தார். போன ஞாயிறு பாட்டியின் அறையில் ஒரு பகுதி பார்த்தோம், கறுப்பு வெள்ளை. பெக்கிக்கு மார்கரெட் ராணி வேஷம். இங்கிலாந்து ராஜாவைக் கட்டிக்கொள்ளப் பிரான்சிலிருந்து வரும் இளம்பெண்ணாக ஆரம்பித்து, புருஷனையும் மகனையும் இழந்து சாபம் விடுகிற கிழவியாக முடிகிற பாத்திரம். அந்த வேஷத்தை 1963-ல் அவர் முதலில் ஏற்றபோது வயது 55. ஒரு காட்சியில் எதிரி யார்க் பிரபுவைப் பிடித்து நிறுத்தி, தலையில் காகிதக் கிரீடம் வைப்பார்கள். அவன் மகனின் ரத்தத்தில் நனைத்த துணியைக் கொடுத்து, கண்ணீரைத் துடைத்துக்கொள் என்பாள் ராணி. சிரிக்கிறாள் அப்பா. அந்தச் சிரிப்பிலேயே ஏதோ உடைவதும் கேட்கிறது. எனக்கு அந்த இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது, ஆனால் நம் கூத்தில் துரியோதனன் சபையைப் பார்த்த பயம் வந்தது. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அறுபது வருஷத்துக்கு முன்னால் பார்த்தபோதும் பக்கத்து சீட்டில் இருந்தவர் கையைப் பிடித்தாராம், யாரென்றே தெரியாமல்.

ரிட்டயர் ஆனதிலிருந்து "இனி என்ன இருக்கு" என்கிறீர்கள். அதனால் இதைச் சொல்கிறேன். 1975-ல், 67 வயதில், பெக்கெட்டின் 'ஹேப்பி டேஸ்' நாடகத்தில் நடித்தார். மண் மேட்டுக்குள் இடுப்பு வரை புதைந்திருக்கும் ஒரு பெண், இரண்டாம் பாதியில் கழுத்து வரை புதைந்துவிடுவாள். தலையை மட்டும் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களைத் தினமும் பார்க்கிறவள் நான், அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

அதற்கும் பிறகுதான் இந்தியா வந்தார். 'ஜுவல் இன் தி கிரவுன்' டிவி தொடருக்காக நாலு மாதம் நம் நாட்டில் இருந்தார். அதில் ஒரு மலை ஊரில் ஒண்டிக் கிடக்கும் ஓய்வுபெற்ற மிஷனரி டீச்சர் வேஷம். குன்னூர்ப் பழைய பங்களாக்களில் கடைசி வரை தனியாக இருந்த துரைசானிகளைப் பற்றி நீங்கள் சொல்வீர்களே, அதே மாதிரி. அது முடிந்த கையோடு இயக்குநர் டேவிட் லீன் உங்கள் ரயில் படத்துக்குக் கூப்பிட்டார். "மிஸ்டர் லீன், எனக்கு 75 வயது" என்று தயங்கினாராம். "எனக்கும்தான்" என்றாராம் அவர். கிளம்பி வந்துவிட்டார்.

ராத்திரி மசூதிக் காட்சியை மறுபடி பாருங்கள். நிலா வெளிச்சத்தில் அவர் உள்ளே வருவார். செருப்போடு வந்துவிட்டாள் என்று டாக்டர் அஜீஸ் கத்துவார். கழற்றித்தான் வைத்திருக்கிறேன் என்று நிதானமாகச் சொல்வார். அந்த ஒரு பதிலில் அஜீஸின் கோபம் போய்விடும், நமக்கும் அவர் யார் என்று புரிந்துவிடும். நீங்கள் சொன்னது சரி, நடிக்கிற மாதிரியே தெரியாது.

அந்தப் படத்துக்கு 1985-ல் துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. வயது 77. அந்தப் பிரிவில் இத்தனை வயதில் வாங்கியவர் இன்று வரை வேறு யாரும் இல்லை. விழாவுக்கு அவர் போகவில்லை, ஏஞ்சலா லான்ஸ்பரி வாங்கிக்கொண்டார். அதன் பிறகும் 'மேடம் சூசாட்ஸ்கா' படத்தில் நம் ஷபானா ஆஸ்மியோடு நடித்தார். 1991 ஜூனில், 83 வயதில் காலமானார்.

பணம் இந்த மாதம் பதினைந்தாம் தேதி அனுப்புகிறேன். அம்மா மூட்டு வலிக்கு மருந்தை நிறுத்த வேண்டாம்.

ஒரு உதவி வேண்டும். நம் மலை ரயிலில் இன்ஜின் பின்னால் நின்று தள்ளும் என்று நான் சொன்னதும், முன்னால் நின்று இழுக்காமல் ஏன் தள்ளுகிறது என்று பாட்டி கேட்டார். பல்சக்கரப் பாதை தொடங்குகிற கல்லாறில் சக்கரம் எப்படிக் கவ்வும், அப்போது என்ன சத்தம் வரும் என்றும் கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள், ஷூட்டிங் நாளில் ஷெட்டில் நடந்ததையும் சேர்த்து. நான் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொல்லிக் காட்டுகிறேன். படம் வரைந்தால் இன்னும் நல்லது. சீக்கிரம் எழுதுங்கள் அப்பா, பாட்டி தினமும் கடிதம் வந்ததா என்று கேட்கிறார்.

உங்கள் அன்பு மகள்