பனித்தளப் புதுப்பிப்புப் பணி நிறைவு அறிக்கை

கழக உறுப்பினர்கள் அனைவருக்கும் பணிக்குழுவின் வணக்கம். நம் ஐஸ் ஹாக்கி அரங்கின் தரையை அடியோடு பெயர்த்துப் புதிதாக அமைக்கும் பணி நிறைவெய்தி, ஆடுவதற்குரிய பனியும் கட்டப்பட்டுவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

பின்லாந்தில் 1928இல் தேசியச் சாம்பியன் போட்டி தொடங்கியபோது, உறைந்த ஏரியும் நீர் தெளித்து உறையவைத்த திடலுமே எல்லாக் கழகங்களுக்கும் ஆடுகளம்; குளிர் தணிந்தால் ஆட்டமும் நின்றுவிடும். நம் கழகத்தின் மூத்தோர் ஆடியதும் அப்படித்தான். 1965 உலகச் சாம்பியன் போட்டிக்காகத் தம்பெரே நகரில் நாட்டின் முதல் ஐஸ் ஹாக்கி உள்ளரங்கமான ஹகமெத்ஸா எழுந்தது. அதைத் தொடர்ந்த பல பத்தாண்டுகளில் சிற்றூர்கள் ஒவ்வொன்றாகக் கூரை போட்டுக்கொண்டபோது நமதும் வந்தது.

அன்று கட்டிய தரையின் அடியில் மண்ணைச் சூடாக வைக்கும் ஏற்பாடு இல்லை. ஆண்டில் பெரும்பகுதி மேலே பனி இருந்ததால், குளிர் கீழிறங்கி மண்ணின் ஈரத்தை உறையவைத்து, கான்கிரீட்டைச் சிறிது சிறிதாக மேலே தள்ளிவிட்டது. தரை மேடுபள்ளமானதால் பள்ளங்களில் பனியைத் தடிமனாகக் கட்ட வேண்டியதாயிற்று. தடித்த பனி வழியே குளிர் மேற்பரப்பை எட்டுவது கடினம் என்பதால், மின்கட்டணமும் உயர்ந்துகொண்டே போனது.

பார்வையாளர் இருக்கைகளையும் ஸ்கோர் பலகையையும் முதலில் மாற்ற வேண்டும் என்று உறுப்பினர்களில் ஒரு சாரார் கேட்டார்கள். அந்த விருப்பம் நியாயமானதே. எனினும், பின்லாந்து ஐஸ் ஹாக்கி லீக் வரிசையின் மூன்றாம் அடுக்கான சுவோமி சர்யாவில் ஆடும் நம் வீரர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, சிறுவர் அணிகள் பயிற்சி முடித்த பிறகே மாலையில் பனியில் இறங்குகிறார்கள். அந்த மணிநேரங்கள் பறிபோனால் கழகமே இல்லை என்பதால், கண்ணுக்குத் தெரியாத தரைக்கே பணத்தைச் செலவிடத் தீர்மானித்தோம்.

உறைந்த மண் அகற்றப்பட்டு, நீர் தேங்காத சரளை நிரப்பப்பட்டது. அதன்மேல் வெப்பக் குழாய்களும், காப்புப் பலகைகளும், குளிர்க்குழாய்கள் பதித்த கான்கிரீட்டும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இடையில் இணைப்பு விழாதிருக்க, 60 மீட்டர் நீளத்துக்கும் கான்கிரீட் ஒரே மூச்சில் ஊற்றப்பட்டது. அது இறுகி முதிரும் வரை காத்திருந்த பின்னரே குளிரூட்டலைத் தொடங்கினோம். இந்தத் தாமதத்தால் சிறுவர் பயிற்சி பிந்தியதைப் பொறுத்துக்கொண்ட பெற்றோருக்கு நன்றி. குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா, இயந்திர அறைக்குள்ளேயே நிற்கும். தரைக்குழாய்களில் ஓடுவது குளிர்ந்த உப்புக்கரைசல் மட்டுமே. இயந்திரங்கள் வெளியேற்றும் வெப்பம் இனி வீணாகாமல், தரையடி மண்ணையும் குளியலறை நீரையும் சூடாக்குவதோடு, தளத்தில் சுரண்டியெடுக்கும் பனியையும் உருக்கும்.

சுற்றுத்தடுப்புகள் வளைந்துகொடுப்பவையாக மாற்றப்பட்டதால் மோதலின் அதிர்ச்சி குறையும். பழைய தடுப்புகளைக் கழற்றியதும் குப்பை அகற்றியதும் முழுக்க முழுக்க உறுப்பினர்களின் கூலியில்லா உழைப்பு; காப்பியும் பொரித்த சாசேஜும் விற்றுத் திரட்டிய தொகையும் பணிக்கே சேர்ந்தது.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்படும். ஒப்பந்ததாரரின் இரண்டாண்டுப் பொறுப்புக் காலம் முடியும் வரை, தரையடி வெப்பமானிகளின் அளவுகளை மாதந்தோறும் பதிவேட்டில் குறிக்கும் பொறுப்பை அரங்கப் பராமரிப்புக் குழுவிடம் ஒப்படைத்துள்ளோம். உறுப்பினர்கள் எவரும் அதை அலுவலகத்தில் பார்வையிடலாம்.

இவண்,
பணிக்குழு