பாஸ் பட்டன் செய்த பீட்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்பு மருமகனுக்கு,

இசைத்துண்டுகளைப் பதிந்து வேண்டியபடி திரும்ப ஒலிக்கவைக்கும் சாம்ப்ளர் கருவி வந்த பிறகுதான் ஹிப் ஹாப்பில் பீட், அதாவது ராப்புக்கு அடியில் ஓடும் தாள இசை, செய்யும் கலையே தொடங்கியது என்று எழுதியிருந்தாய். அதை என்னால் ஏற்க முடியவில்லை. இ-மு நிறுவனத்தின் எஸ்பி-1200 என்ற சாம்ப்ளர் சந்தைக்கு வந்தது 1987இல். அகாய் நிறுவனத்தின் எம்பிசி60 சாம்ப்ளர் அதற்கு அடுத்த ஆண்டு. அதற்கு முன்பே அமெரிக்க நகரங்களில் பள்ளிப் பிள்ளைகள் இசைத்தட்டு ஓட்டும் ஒரு டேர்ன்டேபிளையும் ஒரு கேசட் டெக்கையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பீட் செய்துகொண்டிருந்தார்கள்.

முன்கதை உனக்குத் தெரிந்ததுதான். 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி விருந்துகளில் டிஜே கூல் ஹெர்க், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் ‘பிரேக்’ பகுதியை நீட்டினார். இன்னொரு டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அதைத் தாளம் பிசகாமல் செய்யும் முறையை வகுத்தார். இரண்டு டேர்ன்டேபிளுக்கும் அவற்றின் ஒலியைக் கலக்கும் மிக்சருக்கும் வழியில்லாத பிள்ளைகள் அதே வேலையைக் கேசட்டில் செய்ததைத்தான் ‘பாஸ் டேப்’ என்றார்கள். பாஸ் (pause) என்பது டெக்கில் பதிவைச் சற்று நிறுத்தி வைக்கும் பட்டன்.

ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசிக்கும் டிரம்ஸை எடுத்துக்கொள். டெக்கை ரெக்கார்டில் போட்டு, பாஸை அழுத்தி வைத்து, இசைத்தட்டை ஓடவிட வேண்டும். பிரேக்கின் முதல் அடி விழும்போது பாஸை விடுவித்து, எட்டு அடி முடிந்ததும் மீண்டும் அழுத்தி, தட்டைக் கையால் பின்னுக்குச் சுற்றி, அதே இடத்தில் மறுபடியும் விடுவிக்க வேண்டும். எட்டு அடி என்பது ஏறக்குறைய ஐந்து வினாடி. மூன்று நிமிட பீட் வேண்டுமென்றால் இதையே முப்பத்தாறு முறை செய்தாக வேண்டும். முப்பதாவது முறை விரல் தடுமாறினால், நாடாவைச் சுற்றி அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஒட்ட வேண்டும்.

ஸ்டாப் பட்டன் இதற்கு உதவாது. அதை அழுத்தினால் ஒலியைப் பதியும் ஹெட் நாடாவை விட்டு விலகிவிடும், ஒட்டும் இடத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தமும் பதியும். பாஸில் ரெக்கார்டு நிலை கலையாமல் நாடா மட்டும் நிற்கும். விட்டதும் நாடா முழு வேகத்துக்கு வர ஒரு நொடியின் சிறு பகுதி பிடிக்கும் என்பதால், அடி காதில் விழுவதற்குச் சற்று முன்பே விரல் நகர வேண்டும். ஒவ்வொரு டெக்குக்கும் இந்தத் தாமதம் வேறு. தன் டெக்கின் குணத்தை விரல் மனப்பாடம் செய்த பிறகே லூப், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தத் துண்டு, தாளம் பிசகாமல் அமையும்.

இன்னொரு இசையை மேலே சேர்க்க இரண்டாவது டெக் தேவைப்பட்டது. முதல் டேப்பை ஓடவிட்டு, அதனோடு ஒரு பேஸ் கிட்டார் இசையையோ ஹார்ன் இசையையோ கலந்து அடுத்த டேப்பில் பதிவார்கள். ஒவ்வொரு படிக்கும் இரைச்சல் கூடும், சிம்பலின் பளபளப்பு மங்கும். இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் தாங்காது என்பதால், எதைச் சேர்ப்பது என்பதை முன்கூட்டியே மனதில் கேட்டு முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தக் காலத்து பீட்டுகளின் சிக்கனத்தில் இந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

ஏ டிரைப் கால்டு குவெஸ்ட் என்ற ஹிப் ஹாப் குழுவின் கியூ-டிப், 1990இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் சில பீட்டுகளுக்குப் பள்ளி நாட்களிலேயே பாஸ் டேப்பில் முதல் வடிவம் கொடுத்திருந்தார். டெட்ராய்ட்டில் பீட் தயாரிப்பாளர் ஜே டில்லாவும் கேசட் டெக்கில்தான் தொடங்கினார். இசைக்கலைஞர் ஆம்ப் ஃபிட்லர் அவரை எம்பிசியின் முன் உட்கார வைத்தது பிறகு. நீ கொண்டாடும் டில்லாவின் டிரம்ஸ் கருவியின் சீரான தாளக் கட்டத்துக்குள் அடங்காமல் நடப்பதைக் கேட்கும்போதெல்லாம், பாஸ் பட்டனில் பழகிய அந்தக் கைதான் என் நினைவுக்கு வருகிறது.

எஸ்பி-1200இல் மொத்தமே பத்து வினாடிதான் பதிய முடியும். நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய தட்டை 45 சுற்று வேகத்தில் ஓட்டிப் பதிந்து, கருவிக்குள் சுருதியை இறக்கி, அந்தப் பத்து வினாடியை நீட்டிக்கொண்டார்கள். எந்த இரண்டு வினாடி போதும் என்று தெரிந்த காது இருந்தால்தான் அந்தக் கருவி பயன்பட்டிருக்கும். அந்தக் காதைப் பலருக்குக் கேசட் ஏற்கெனவே கொடுத்திருந்தது.

என் வீட்டு டெக் நன்றாகவே ஓடுகிறது. பொங்கலுக்கு வரும்போது உனக்குப் பிடித்த ஒரு பிரேக்கைக் கொண்டு வா. ஒரு நிமிட லூப்பை நீயே பாஸ் பட்டனில் செய்து பார்த்துவிட்டு, பிறகு வாதத்தைத் தொடர்வோம்.

அன்புடன்,
மாமா