காவிரிக் கரை நடைகள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மழை ஓய்ந்து மண்டியா பக்கம் கரும்பு வெட்டும் மாதங்கள் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை நடைகளுக்கு எப்போது கிளம்புகிறோம் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். விசாரிக்கிறவர்களில் பலர் கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, "எனக்கு மூட்டுவலி இருக்கே, வரலாமா?" என்பது. அம்மாவை அழைத்து வரலாமா, பேரனுக்கு ஆறு வயது, நடப்பானா என்றும் கேட்கிறீர்கள். ஒவ்வொருவரிடமும் போனில் அவசரமாகச் சொல்வதைவிட, எல்லாருக்கும் சேர்த்து நிதானமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் பட்டியலில் 'எளிய நடை' என்று போடுவதற்குத் தூரம் ஒரு கணக்கே இல்லை. காலடியில் தரை எப்படி, நடுவில் உட்கார நிழல் உண்டா, வேன் எவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கும், கழிப்பறை எங்கே என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். தலக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கிற தூரம் கொஞ்சம்தான். ஆனால் கோயில்களையே மூடிய மணல் அது; ஒவ்வொரு அடிக்கும் கால் உள்ளே போகும். வெயில் ஏறிவிட்டால் சுடவும் செய்யும். அதனால் தலக்காடு எளிய நடைகளில் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத் தீவோ மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனைவரை சுமார் ஐந்து கிலோமீட்டர், ஆனால் சமதரை. எழுபது வயதுக்காரர்கள் பேசிக்கொண்டே நடந்துவிடுகிறார்கள்.

அந்தத் தீவு நடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், முதல்முறை வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது அதைத்தான். காலையில் ஆதிரங்கனை, அதாவது ஸ்ரீரங்கப்பட்டணத்து ரங்கநாதரைச் சேவித்துவிட்டுக் கோட்டைக்குள்ளிருந்து கிளம்புவோம். இதே காவிரியில் கீழே சிவனசமுத்திரத்தில் மத்தியரங்கன், அதற்கும் கீழே நம் ஸ்ரீரங்கம். மூன்று அரங்கனையும் ஒரே நாளில் சேவிக்க வேண்டும் என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அது கார்ப் பயணம், நடை ஆகாது. கோயிலைத் தாண்டி ரயில் நிலையத்தின் பக்கம் திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்று இருக்கிறது. இரண்டாவது தண்டவாளம் போட அது குறுக்கே நின்றதால், 2017-இல் கட்டடத்தை இடிக்காமல் முழுசாகப் பெயர்த்து நகர்த்தி வைத்தார்கள். அந்தத் தடித்த சுவரைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் அது என்ன வேலை என்று புரியும்.

அடுத்து தரியா தௌலத். 1784-இல் கட்டிய திப்புவின் கோடை மாளிகை. மேற்குச் சுவரில் இருக்கும் போர் ஓவியத்தைப் பார்க்காமல் தோட்டத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு, செய்யாதீர்கள். 1780-இல் நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள புள்ளலூரில் நடந்த சண்டை அது. ஹைதரும் திப்புவும் ஜெயித்த சண்டை. அடிபட்ட ஆங்கிலேயத் தளபதி கர்னல் பெய்லி நடுவில் பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் குதிரையும் புகையும். அங்கே அரை மணி நேரம் நின்றாலும் யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டோம். அப்புறம் ஹைதரும் திப்புவும் அடக்கமாகியிருக்கும் கும்பஸ், கடைசியாகத் தீவின் கிழக்கு முனையில் ஆறு மறுபடி ஒன்றுசேரும் சங்கமம். முடியாதவர்கள் எந்த இடத்திலும் வேனில் ஏறிக்கொள்ளலாம். அதற்காகத்தான் வேன் கூடவே வருகிறது, தயங்கவே வேண்டாம்.

இப்போது மாற்றத்துக்கு வருகிறேன். இந்தப் பருவத்திலிருந்து மேகதாது நடையை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக வாய்க்கால் கரை நடைகளைக் கூட்டியிருக்கிறோம். "ஆற்றைப் பார்க்க வந்தால் வாய்க்காலைக் காட்டுகிறீர்களே" என்று சிலர் வருத்தப்பட்டீர்கள். நியாயமான கேள்விதான். மேகதாது பக்கம் அர்க்காவதி ஆறு காவிரியில் வந்து சேரும் இடத்துக்குக் கீழே எல்லாம் வழவழப்பான பாறை. தண்ணீர் மேலே அமைதியாகத் தெரியும், அடியில் பள்ளமும் சுழலும். ஆட்கள் மூழ்கிப்போகிற இடம் அது. 'எளிய' என்று எழுதிக் கூட்டிக்கொண்டு போக எங்களுக்கு மனம் வரவில்லை.

வாய்க்கால் கரை வேறு விஷயம். தண்ணீர் தானாக ஓட வேண்டும், ஓடும் வேகத்தில் கரையை அரித்துவிடவும் கூடாது. அதனால் வாய்க்காலுக்கு மிக மெல்லிய சரிவுதான் வைப்பார்கள். பக்கத்தில் போகும் கரைப் பாதையும் அப்படியே ஏற்றமோ இறக்கமோ இல்லாமல் வளைந்து வளைந்து போகும். மூட்டுக்கு இதைவிட நல்ல பாதை கிடைப்பது கஷ்டம். கிருஷ்ணராஜ சாகர் அணையிலிருந்து மண்டியாவுக்குப் போகும் விஸ்வேஸ்வரய்யா கால்வாயை எல்லாருக்கும் தெரியும். அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே, மைசூர் உடையார்கள் ஆற்றின் குறுக்கே தாழ்வான கல்லணைகளைக் கட்டி வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். ரங்கனதிட்டுப் பறவைச் சரணாலயத்தின் தீவுகளே 1640-களில் கட்டிய அப்படியோர் அணையால் உண்டானவைதான். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கண்ணுக்கெட்டியவரை நெல்லும் கரும்பும். மடையைத் திறந்துவிட்டு மண்வெட்டியோடு நிற்கிறவர், "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கன்னடத்தில் கேட்பார். கன்னடம் தெரிந்தவர்கள் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள், அதில் கிடைக்கும் தகவல் எங்கள் வழிகாட்டியிடம்கூட இருக்காது.

வழியில் வெல்லம் காய்ச்சும் ஆலைமனையிலும் நிற்போம். கரும்புச் சக்கையையே அடுப்பில் தள்ளி எரிக்கிறார்கள். பெரிய கொப்பரையில் சாறு கொதிக்கக் கொதிக்க மேலே வரும் அழுக்கு நுரையை நீளக் கரண்டியால் வழித்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாகு பதம் வந்ததும் தொட்டியில் ஊற்றிக் கிளறி, சூடு அடங்குவதற்குள் அச்சில் போட்டுவிடுவார்கள். சூடான வெல்லத்தில் கொஞ்சம் இலையில் வைத்துத் தருவார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நாக்கைக் கட்டுங்கள் என்று சொல்ல வேண்டியது எங்கள் கடமை, கேட்பது உங்கள் இஷ்டம்.

வாய்க்காலிலும் ஒரு கண்டிப்பு உண்டு. கான்கிரீட் பூசிய சரிவில் பாசி பிடித்திருக்கும். விழுந்தால் பிடித்து ஏற இடமே கிடையாது. அதனால் எப்போதும் வயல் பக்கமாகவே, ஒருவர் பின் ஒருவராக. கால் நனைப்பது, செல்ஃபிக்காக மதகின் மேல் ஏறுவது இரண்டும் கூடாது. சங்கமத்திலும் தண்ணீரில் இறங்க விடமாட்டோம். ரங்கனதிட்டில் பாறை மேல் வெயில் காயும் முதலைகளைப் படகிலிருந்து ரசிக்கிறோம், ஆனால் சரணாலயம் எங்கே முடிகிறது என்பது முதலைக்குத் தெரியாது.

ரங்கனதிட்டு பற்றிப் பறவைப் பிரியர்களுக்கு ஒரு வரி. சலீம் அலி சொல்லி 1940-இல் சரணாலயமான இடம். மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டுவதைப் பார்க்க ஜனவரிக்குப் பிறகு வருவது உத்தமம். மழைக்காலத்தில் கிருஷ்ணராஜ சாகர் தன் முழு மட்டமான 124.80 அடியை நெருங்கினால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள், படகுகளும் நின்றுவிடும். அப்படிப்பட்ட வாரங்களில் நாங்களே நடையை ரத்து செய்துவிட்டு முழுப் பணத்தையும் திருப்பித் தருவோம்.

தங்கவயலில் பிறந்து வளர்ந்த வாடிக்கையாளர்கள் நிறையப் பேர் கேட்டதால் சிவனசமுத்திரத்தைச் சேர்த்திருக்கிறோம். அங்கே எடுத்த மின்சாரம்தான் 1902-இல் கோலார் சுரங்கங்களுக்குப் போனது. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது 1905-இல், தங்கவயலுக்கு அப்புறம்தான். அருவியைப் பார்வை மேடையிலிருந்து பார்ப்போம். படிக்கட்டு கிடையாது.

கட்டணத்தில் மாற்றம் இல்லை. வேன், காலைச் சிற்றுண்டி, நுழைவுச்சீட்டு அடக்கம்; படகுக்கு மட்டும் தனி. பெங்களூர்-மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் போனால் சீக்கிரம் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: போகும்போது பிடதியில் தட்டு இட்லி, வரும்போது மத்தூரில் வடை. இரண்டையும் அந்தச் சாலை தாண்டிப் போய்விடுகிறது, ஆகவே பழைய சாலைதான்.

அல்சூர் சோமேஸ்வரர் கோயில் முன்னாலிருந்து காலை ஐந்தரைக்கு வேன் கிளம்பும், கெங்கேரியிலும் ஏறிக்கொள்ளலாம். பிடிமானமுள்ள பழகிய செருப்போ ஷூவோ போதும், அன்றைக்கென்று புதிதாக வாங்கிப் போட்டு வராதீர்கள். தொப்பி, தண்ணீர், அன்றாட மாத்திரை. முழங்கால் அறுவை சிகிச்சையோ இதயக் கோளாறோ இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். வர வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், எந்த நடை சரிப்படும் என்று பார்த்துச் சொல்வோம்.

அன்புடன்,
உங்கள் நடைக் குழுவினர்,
அல்சூர், பெங்களூரு