சரவணனுக்கு, ஊட்டிப் பயணம் பற்றி

அன்புள்ள சரவணனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்கப் பேரூர்ப் பட்டீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸப்பில் எழுதினால் அம்மா படித்துவிடுவாள், அதனால்தான் மெயில்.

விஷயம் இதுதான். மே மாதம் இந்த முதியோர் குடியிருப்பிலிருந்து எங்களை ஊட்டிக்கு அழைத்துப் போகிறார்கள். எழுபத்தைந்து தாண்டியவர்கள் மலை ஏறுவதென்றால் டாக்டர் சீட்டும் வேண்டும், பிள்ளைகள் சம்மதம் சொல்லி ஒரு மெயிலும் வேண்டும் என்று ஆபீஸில் விதி வைத்திருக்கிறார்கள். உனக்கும் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். மற்ற எல்லார் வீட்டிலிருந்தும் பதில் வந்துவிட்டது. "உங்கள் மகனுடையது மட்டும்தான் சார் பாக்கி" என்று மேனேஜர் பெண் இரண்டாவது முறையும் கேட்டுவிட்டாள். அவனுக்கு வேலை அதிகம்மா என்று சொன்னேன். குற்றம் சொல்ல எழுதவில்லை. முன்பெல்லாம் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அனுப்பினால் மீட்டிங்கில் இருந்துகொண்டே பதில் போடுவாய். அது நினைவுக்கு வந்தது.

பயணத்தைப் பற்றி நீ கவலைப்பட ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் திட்டம் போட்டிருக்கிறார்கள். சனி ஞாயிறு வேண்டாம் என்று வார நாளாகப் பார்த்திருக்கிறார்கள். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வண்டியில் போக இ-பாஸ் என்ற முன் அனுமதி வந்துவிட்டது உனக்குத் தெரியுமா? உயர் நீதிமன்ற உத்தரவு. 2025-ல் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள், வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. அதையெல்லாம் ஆபீஸிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். குன்னூர் வரை வேனில் போய், அங்கிருந்து ஊட்டி வரை மட்டும் மலை ரயில். மேட்டுப்பாளையத்திலேயே காலை ஏழு பத்துக்கு ஏறினால் ஊட்டி போய்ச் சேர மதியம் ஆகிவிடும். அவ்வளவு நேரம் மடக்கிய காலோடு உட்கார இங்கே யாராலும் முடியாது. அம்மாவின் முழங்கால் சங்கதி உனக்குத் தெரியும்.

இதில் எதிர் அறை ரயில்வேக்காரருக்கு மட்டும் ரொம்ப வருத்தம். பல்சக்கரப் பாதை கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான் இருக்கிறது, குன்னூரில் ஏறினால் அப்புறம் அந்த ரயிலில் என்ன விசேஷம் என்கிறார். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற்றம், தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை, எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளும், 1899-ல் குன்னூர் வரை வந்தது, 1908-ல் ஊட்டி வரை என்று ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் எல்லாருக்கும் சொல்லி முடித்தார். சின்ன வயசில் ஹில்குரோ ஸ்டேஷனில் வண்டி நின்றபோது நீ இறங்கி ஓடி, சக்கரத்தைக் குனிந்து பார்த்து, என்னைக் கேள்வியாகக் கேட்டாயே, அதை அவரிடம் சொன்னேன். அப்படிக் கேட்ட பையன்தான் இன்று மியூனிக்கில் எஞ்சின் வேலை பார்க்கிறான் என்றும் சொன்னேன். அவர் எழுந்து வந்து கை கொடுத்தார். அன்று பக்கத்து மேஜைக்காரர்களும் உன்னைப் பற்றி விசாரித்தார்கள். நன்றாக இருக்கிறான் என்றேன்.

நன்றாகத்தானே இருக்கிறாய், கண்ணு?

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

ஊட்டியில் தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சிதான் முக்கியம். அது தொட்டபெட்டாச் சரிவில் இருப்பதால் மேலே ஏற ஏற மூச்சு வாங்கும். அதனால் கீழே புல்வெளியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், குன்னூர் ஏறக்குறைய 1,850. இதய சிகிச்சை செய்துகொண்டவர்களை டாக்டர் குன்னூரோடு நிற்கச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்குச் சிம்ஸ் பூங்கா. எனக்குப் பிரஷர் 130-க்குள் இருக்கிறது, ஊட்டிக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தமிழாசிரியை அம்மா நான்கு ஸ்வெட்டர் எடுத்து வைத்தாயிற்று. உன் அம்மாவும் நீ போன தடவை வாங்கி வந்த அந்த நீல ஸ்வெட்டரை வெளியே எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள்.

மற்றபடி கத்திரி வெயிலுக்கு முன்பே இங்கே அனல்தான். காலை நடையை ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும், பதினொன்றிலிருந்து நான்கு வரை யாரும் வெளியே போகக்கூடாது. மாலையில் கேரம், தாயம். போன வாரம் மொட்டை மாடியில் வடாம் பிழிந்தார்கள், அம்மா சேலத்துப் பக்குவத்தில் மாவு கிளறிக் கொடுத்து நல்ல பேர் வாங்கிவிட்டாள். வெயிலுக்கு ஒதுங்கின மாதிரியும் ஆகும் என்று காஸ் வன அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போனார்கள். 1902-ல் தொடங்கியது. யானை எலும்புக்கூட்டின் முன்னால் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தை உனக்கு அனுப்பினேன். நீ பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை.

மே மாதம் இங்கே பேரப்பிள்ளைகள் மாதம். விருந்தினர் அறை எல்லாவற்றையும் இப்போதே பதிவு செய்துவிட்டார்கள். குழந்தைகளுக்குப் பல்லாங்குழி சொல்லிக் கொடுக்க அம்மா பெயர் கொடுத்திருக்கிறாள். யாழினி வருவாளா என்று கேட்காமல் ஒரு நாளும் தூங்குவதில்லை. சித்திரை முதல் நாள் நீ பேசினாய் அல்லவா, குட்டி தூங்குகிறாள் என்றாய். இங்கே அப்போது ராத்திரி ஏழு மணி, அங்கே மதியம் மூன்றரை. ஏழு வயசுப் பிள்ளை அந்த நேரத்தில் தூங்குமா என்று அம்மா என்னைக் கேட்டாள். ஸ்கூல் லீவாக இருக்கும், களைத்திருக்கும் என்றேன். பொங்கலில் இருந்து கேமரா கோளாறு என்கிறாய். பிரியா போனைக்கூட நீயே எடுக்கிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொன்று. இந்த வருஷ மெயின்டனன்ஸ் தொகையை நான் என் பென்ஷனிலிருந்தே கட்டிவிட்டேன். ரசீதும் வாங்கிவிட்டேன். நீ அனுப்ப வேண்டாம். இனிமேலும் அனுப்ப வேண்டாம். எங்களுக்குத் தாராளமாக இருக்கிறது. மாமா வீட்டுப் பணத்தையும் மனதில் வைத்துக்கொண்டு உழலாதே, அது என் பொறுப்பு, நான் பேசிக்கொள்கிறேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே காலை டிபனுக்கு எட்டரைக்குள் ஒருவர் வரவில்லை என்றால் மாடி ஊழியர் வந்து கதவைத் தட்டுவார். முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை, கொஞ்ச நேரம் கூடுதலாகத் தூங்கக்கூட விடமாட்டார்களா என்று கோபப்பட்டேன். மாசி மாதத்தில் இரண்டாவது மாடியில் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தார். கதவைத் தட்டியதால்தான் பிழைத்தார், இப்போது ஊட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து நான் எட்டு மணிக்கே போய் உட்கார்ந்து, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்க்கிறேன். பார்த்துக்கொண்டிருக்கும்போது உன் நினைவுதான் வருகிறது. எங்களைக் கேட்க இங்கே இத்தனை பேர் இருக்கிறார்கள். அங்கே உன் கதவை யார் தட்டுகிறார்கள்? நாற்பத்திரண்டு வயசு ஆனவனிடம் கேட்கிற கேள்வியா என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? சமைப்பது யார்?

ஜூன் முதல் வாரத்துக்கு ஒரு விருந்தினர் அறை எழுதி வைத்திருக்கிறேன். எல்லாரும் வந்தால் சந்தோஷம். குழந்தையை மட்டும் கூட்டி வந்தாலும் சரி. நீ ஒருவனாக வந்தாலும் சரி. வந்தபின் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அம்மாவுக்கும் நான் சொல்லி வைக்கிறேன். டிக்கெட் செலவு என்றால் சொல், வங்கியில் சும்மாதான் கிடக்கிறது.

ஊட்டி மெயிலுக்கு ஒரு வரி போதும். "சம்மதம்" என்று எழுதி அனுப்பினால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அனுப்ப முடியாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் அடுத்த வருஷம் போய்க்கொள்கிறோம். ஆனால் போன் செய். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேண்டாம், அம்மா பக்கத்தில் இருப்பாள். தினமும் சாயந்திரம் ஆறிலிருந்து ஏழு வரை அவள் கீழே பஜனைக்குப் போகிறாள், நான் அறையில் தனியாகத்தான் இருப்பேன். அங்கே அப்போது மதியம் இரண்டரை. எந்த நாளானாலும் செய். கேமரா வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா