புதன் வீட்டுக்கூட்டம்: நேர மாற்றம்

எல்லாருக்கும் தோத்திரம். நெல்லு வெட்டு தொடங்கினபடியால் இந்தப் புதன் கூட்டம் பின்னேரம் 5 மணிக்கில்லை, இரவு 7 மணிக்கு. பரந்தனிலை இருந்து வாற ஆக்கள் சேர்ந்து ஒரு ஓட்டோவாப் பிடியுங்கோ.

வாசிக்கிறது 2 பேதுரு 1:5-7. விசுவாசத்தோடை கூட்டச் சொல்லி ஏழு இருக்கு: தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், அன்பு. ஞானஸ்நானம் எடுத்த திகதியைச் சொல்லிச் சாட்சி சொல்லுறதிலை நாங்கள் கெட்டிக்காரர். அதுக்குப் பிறகு என்ன கூடினது எண்டு கேட்டால்தான் ஆளையாள் பார்ப்பம். சிறையிலை இருந்து பிலிப்பியருக்கு எழுதின பவுலே தான் முற்றும் தேறினவன் இல்லை எண்டுதான் சொல்லுறார் (3:12).

என்னைக் கேட்டால் இச்சையடக்கத்திலைதான் கனநேரம் நிக்கவேணும். சிறுபோகத்திலை இரணைமடு வாய்க்கால் தண்ணிக்கு முறை வரேக்கை, பக்கத்து வயல்காரரோடை என்ன கதை கதைச்சனாங்கள் எண்டதும் அதுக்குள்ளைதான் வரும். (போனும் வரும். அதுக்காகப் பிள்ளையளை மட்டும் பேசாதேங்கோ, பெரியாக்கள்தான் கூட.)

அந்த ஏழிலை இந்த வருசம் தனக்குக் குறைஞ்சது எது எண்டு ஒவ்வொருத்தரும் யோசிச்சுக்கொண்டு வாங்கோ. சொல்ல விருப்பமில்லாட்டி வற்புறுத்த மாட்டம். தேத்தண்ணி இந்தமுறை இளைஞர் பொறுப்பு.